ஊரெல்லாம் காய்ச்சல், கையில போன்: வாட்ஸ்அப் குரூப் அட்மினா புதுசா மாட்டிக்கிட்டவங்களுக்கு

2021 மே மாசம் ரெண்டாவது வாரம், ராத்திரி பதினொண்ணே முக்கால். எங்க பெரியப்பாவுக்கு ஆக்சிஜன் 88ல நிக்குது, நான் மாடிப்படில உக்காந்துக்கிட்டு குரூப் குரூப்பா தேடி போன் அடிச்சுக்கிட்டு இருக்கேன். "ஆக்சிஜன் பெட் 6 காலி, உடனே கூப்பிடவும், வெரிஃபைட்" அப்படின்னு ஒரு மெசேஜ், பச்சை டிக் எல்லாம் போட்டு மூணு குரூப்ல கிடந்துச்சு. அடிச்சேன். எடுத்தவருக்கு தொண்டையே கட்டிப்போச்சு. "சார், அது செவ்வாக்கிழமை போட்டது சார், அன்னிக்கே அரை மணி நேரத்துல முடிஞ்சுருச்சு, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உங்கள மாதிரி எத்தனை பேர் கூப்பிட்டாங்கன்னு எண்றதையே விட்டுட்டேன்." கோவப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்ல, வெச்சுட்டாரு.

அந்த மெசேஜ் பொய் இல்ல பாருங்க. செவ்வாக்கிழமை அது நிஜம். வெள்ளிக்கிழமைக்குள்ள கெட்டுப்போச்சு, அடுப்பு மேலயே மறந்து வெச்ச சாம்பார் மாதிரி. அந்த ரெண்டு மாசத்துல எங்கள அதிகமா அலைய விட்டது வதந்தி இல்லீங்க, தேதி போடாத உண்மைதான். பெரியப்பாவுக்கு மறுநாள் காலையில 104 மூலமா அரசு ஆஸ்பத்திரில இடம் கிடைச்சுது, பதினாறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு, இப்பவும் தினம் ஆறு மணிக்கு ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்பறாரு. அதனாலதான் இதை உக்காந்து எழுத முடியுது.

தெரு குரூப், அபார்ட்மெண்ட் குரூப், ஸ்கூல் பேட்ச் குரூப், சொந்தக்காரங்க குரூப், இதுல ஏதோ ஒண்ணுல "நீதாம்மா போன் நல்லா பாப்ப"ன்னு அட்மின் வேலைய தலையில கட்டியிருப்பாங்கல்ல, அவங்களுக்குத்தான் இது. அடுத்து வர்றது டெங்குவா, நிபாவா, பேரே கேள்விப்படாத ஒண்ணா, தெரியாது. ஆனா ஜனங்க போன்ல நடந்துக்கற விதம் மட்டும் பெருசா மாறாது.

ஸ்டெப் 1: குரூப்ப முதல்ல பிரிங்க

எல்லாம் ஒரே குரூப்ல ஓடுனா, "பெட் கிடைச்சுதா?"ங்கற கேள்விக்கும் அதுக்கான பதிலுக்கும் நடுவுல நாப்பது கும்பிடு எமோஜி நிக்கும். மூணா பிரிச்சுருங்க. ஒண்ணு அறிவிப்புக்கு, அட்மின் மட்டும் அனுப்பற மாதிரி செட்டிங். ரெண்டாவது பேச்சுக்கு, அங்க எது வேணாலும் பேசட்டும், பயந்தவங்க பேசித்தான் ஆகணும், அதையும் அடைச்சா வேற எங்கயாவது போய் கொட்டுவாங்க. மூணாவது அவசரத்துக்கு, அதுல மறையற மெசேஜ் செட்டிங்க 24 மணி நேரத்துக்கு போட்டு விடுங்க. 7 நாள், 90 நாள்னும் இருக்கு, அது வேண்டாம், 24தான். நேத்து போட்ட பெட் கணக்கு இன்னிக்கு தானா காணாமப் போயிரும், யாரும் ஞாபகம் வெச்சு அழிக்க வேண்டியதில்ல. இந்த ஒரு வசதி அன்னிக்கு எங்களுக்கு இல்ல, ஏழு நாள் மட்டும்தான் இருந்துச்சு, ஏழு நாள்ங்கறது அப்போ ஒரு யுகம்.

அறிவிப்பு குரூப்போட டிஸ்கிரிப்ஷன்ல நம்பர் எழுதி வைங்க. ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, சைபர் மோசடி 1930, மனசு சரியில்லன்னா பேசறதுக்கு டெலி மானஸ் 14416. இதெல்லாம் எங்கயும் கிடைக்கும். கிடைக்காதது உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தோட நம்பரும் அங்க இருக்கற ஹெல்த் இன்ஸ்பெக்டர் நம்பரும். அதை நேர்ல போய், நோய் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாள்ல கேட்டு வாங்கிட்டு வாங்க. கொள்ளை நோய் நடுவுல போய் கேட்டா யாரு நின்னு பதில் சொல்லுவா?

ஸ்டெப் 2: குரூப்ல இப்போ என்ன சீசன் ஓடுதுன்னு பாருங்க

நான் கவனிச்ச வரைக்கும் எந்த நோயா இருந்தாலும் குரூப் ஒரே வரிசையிலதான் போகுது. முதல்ல மீம்ஸ் சீசன், அடுத்து கஷாய சீசன், அப்புறம் பழி போடற சீசன், அதுக்கப்புறம் "அர்ஜென்ட்" சீசன், கடைசியா "ஆழ்ந்த இரங்கல்" சீசன். சில நேரம் ரெண்டு மூணு ஒண்ணா கலந்து வரும்.

2020 பிப்ரவரி, மார்ச் ஞாபகம் இருக்கா? கோழி சாப்பிட்டா கொரோனா வரும்னு நோய் பிடிச்ச கோழி ஃபோட்டோவோட சுத்துச்சு, நாமக்கல் பண்ணைக்காரங்க தலையில கை வெச்சுட்டாங்க, முட்டை விலையும் கறிக்கோழி விலையும் அப்படியே சரிஞ்சுது. ஃபார்வர்ட் பண்ணவங்க யாருக்கும் அஞ்சு காசு நஷ்டம் இல்ல. அடுத்து மார்ச் 22 மக்கள் ஊரடங்கு, "வைரஸ் 12 மணி நேரம்தான் உயிரோட இருக்கும், நாம 14 மணி நேரம் உள்ள இருந்தா செத்துரும்"னு வந்துச்சு. நானே அனுப்பியிருக்கேன், மறைக்கல. கழித்தல் கணக்கு சரியா வந்துச்சுல்ல, அதான் நம்பிட்டேன்.

பழி போடற சீசன்தான் ரொம்ப ஆபத்து. 2020 ஏப்ரல்ல டெல்லி மாநாட்டுக்குப் போயிட்டு வந்தவங்கள வெச்சு ஒரு மதத்துக்காரங்க மேலயே மொத்த நோயையும் ஏத்தி வீடியோ வீடியோவா வந்துச்சு, காய்கறி வண்டிக்காரர்கிட்ட பேர் கேட்டு வாங்கற அளவுக்குப் போச்சு. நம்ம சுகாதாரத் துறை தினசரி அறிக்கையில கொஞ்ச நாள்லயே மாநாட்டுப் பேர எடுத்துட்டு "சிங்கிள் சோர்ஸ்"னு போட ஆரம்பிச்சாங்க. அட்மினுக்கு அதுல ஒரு பாடம் இருக்கு, வார்த்தைய மாத்தினாலே பாதி சூடு இறங்கும். அதே மாசம் 19ஆம் தேதி ராத்திரி, கொரோனாவுல இறந்துபோன சென்னை நரம்பியல் டாக்டர் ஒருத்தர அடக்கம் பண்ண விடாம கூட்டம் கல்லெறிஞ்சு ஆம்புலன்ஸ ஒடைச்சுது. கடைசியில அவரோட சக டாக்டரும் கூட வந்த ரெண்டு ஊழியர்களும்தான் குழிய மூடினாங்க. உடம்புலேர்ந்து பரவிரும்ங்கற பயம் அந்தக் கூட்டத்துக்கு தானா வரலைங்க, அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா போன்ல ஊட்டி வளத்தது.

இந்த மாதிரி மெசேஜ் வந்தா வாக்குவாதம் வேண்டாம். அட்மினுக்கு அடுத்தவங்க மெசேஜையும் அழிக்கற வசதி இருக்கு, அழிச்சுட்டு "இந்த குரூப்ல ஆளுங்கள பத்தி வேண்டாம், நோயப் பத்தி மட்டும்"னு ஒரே வரி.

ஸ்டெப் 3: ஃபார்வர்ட படிக்கக் கத்துக்கறது

மெசேஜ் மேல ரெட்டை அம்பு இருந்தா அஞ்சு கை தாண்டி வந்ததுன்னு அர்த்தம். 2020 ஏப்ரல்ல இருந்து அப்படிப்பட்டத ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்னு வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டாங்க. ஆனா நம்ம ஆளுங்க காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணி அந்த அம்பையே கழட்டிடுவாங்க, அதனால அம்பு இல்லன்னா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. அம்பு இருந்தா பொய்னும் இல்ல, எழுதினது யாருன்னு நமக்கு அனுப்புனவருக்கே தெரியாதுன்னு மட்டும்தான்.

நான் நாலே கேள்வி கேப்பேன். எப்போ எழுதினது? எந்த ஊருக்கு? யாரு சொன்னது? அவங்களுக்கு போன் அடிச்சா எடுப்பாங்களா? "10 செகண்ட் மூச்சப் பிடிச்சா இருமல் வரலன்னா உங்களுக்கு கொரோனா இல்ல"ன்னு அமெரிக்க யுனிவர்சிட்டி பேரெல்லாம் போட்டு வந்துச்சே, அது இந்த நாலுல ஒண்ணுக்குக்கூட பதில் சொல்லாது. "நான் டாக்டர் பேசறேன்"னு ஆரம்பிக்கற ஆடியோவும் அப்படித்தான், எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, என்னிக்கு, ஒண்ணுமே இருக்காது, குரல் மட்டும் நடுங்கும்.

டிவி சேனல் லோகோ போட்ட நியூஸ் கார்டு வந்தா அந்த சேனல் பேஜுக்கே போய் அதே தேதியில அதே கார்டு இருக்கான்னு பாருங்க, ரெண்டு நிமிஷம் ஆகாது. ஃபோட்டோன்னா கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, நேத்து எடுத்ததுன்னு சொல்ற படம் ஆறு வருஷம் முன்னாடி வேற நாட்டுல எடுத்ததா வரும். பொய்ச் செய்திய சரிபாக்கறதுக்கு தமிழ்ல யூடர்ன், மத்திய அரசு சம்பந்தப்பட்டதுக்கு பிஐபி ஃபேக்ட் செக், ரெண்டையும் ஃபாலோ பண்ணி வைங்க.

தடுப்பூசி விஷயத்துல நம்ம ஊருக்கு பழைய காயம் இருக்கு. 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பது மாசக் குழந்தையிலேர்ந்து பதினஞ்சு வயசு வரைக்கும் போட ஆரம்பிச்சாங்க, "ஸ்கூல்ல ஊசி போடறாங்க, பிள்ளைய அனுப்பாதீங்க"ன்னு வாட்ஸ்அப்ல பரவி பெத்தவங்க பிள்ளைங்கள வீட்டுலயே நிறுத்திட்டாங்க, அந்த மாசத்தோட முடிய வேண்டிய முகாம மார்ச் வரைக்கும் நீட்டிச்சாங்க. அதே கதை 2021ல. நடிகர் விவேக் ஏப்ரல் 15 ஊசி போட்டுக்கிட்டாரு, 17 காலையில மாரடைப்புல போயிட்டாரு. ரெண்டு தேதியும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான், எங்க தெருவுல டோக்கன் வாங்கினவங்களே திரும்பி வந்துட்டாங்க. இதய ரத்தக்குழாய் அடைப்புன்னு டாக்டர்கள் அன்னிக்கே சொன்னாங்க, ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு ஆய்வுக் குழு அக்டோபர்ல சொல்லுச்சு, ஆனா அக்டோபருக்குள்ள ரெண்டாவது அலையே வந்துட்டுப் போயிருச்சு. உண்மை நடந்துதான் வரும், அதுவரைக்கும் நீங்க குரூப்ல என்ன சொல்லணும்னா, "இன்னும் காரணம் உறுதியாகல, உங்களுக்கு ஏற்கனவே நெஞ்சு வலி, பிரஷர் இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க"ன்னு மட்டும். தெரியாதத தெரியாதுன்னு எழுதினா குரூப்ல மரியாதை குறையாது, எனக்குக் கூடித்தான் இருக்கு.

தேதி மேட்டர் மறுபடி சொல்றேன். 2025 ஜனவரி 6, சென்னையில ஒண்ணு, சேலத்துல ஒண்ணுன்னு எச்எம்பிவி ரெண்டு கேஸ் அறிவிச்சாங்க. 2001லயே நெதர்லாந்துல கண்டுபிடிச்ச வைரஸ் அது, வருஷா வருஷம் வந்துட்டுப் போற சளிக் கூட்டத்துல ஒண்ணு. எங்க குரூப்ல அன்னிக்கு சாயந்திரமே என்ன வந்துச்சு தெரியுமா? 2021 ஆக்சிஜன் சிலிண்டர் லிஸ்ட், அதே நம்பருங்க, அதே பச்சை டிக்.

ஸ்டெப் 4: பெரியவங்கள எல்லார் முன்னாடியும் திருத்தாதீங்க

எங்க சித்தப்பா 2021ல கற்பூரம், ஓமம், லவங்கம் துணியில முடிஞ்சு மோந்தா ஆக்சிஜன் ஏறும்னு போட்டாரு. நான் அவசரக்குடுக்கை, குரூப்லயே "இது ஃபேக்"னு ரிப்ளை பண்ணி ஒரு லிங்க்கும் போட்டேன். சித்தப்பா குரூப்ப விட்டே போயிட்டாரு. சித்தி தனியா போன் பண்ணி, "நீ படிச்சவன்னா அதுக்காக ஊர் முன்னாடி அவர மட்டம் தட்டணுமா?" அப்படின்னாங்க. தப்பு என்னுதுதான்.

அப்புறம் நேரா போன் பண்ணேன்.

"சித்தப்பா, சாப்டாச்சா?"

"ம்."

"அந்த ஓமம் மெசேஜ் யாரு அனுப்புனாங்க சித்தப்பா?"

"யாரோ அனுப்புனாங்க. நல்லதுக்குத்தானே போட்டேன், கெடுதலுக்கா போட்டேன்?"

"நல்லதுக்குத்தான். மூக்கடைப்புக்கு மோந்துட்டுப் போங்க, யாரு வேண்டாங்கறா. ஆனா குரூப்ல யாராவது 90ல இருக்கும்போது அதை மோந்துக்கிட்டு வீட்டுலயே உக்காந்துட்டா? கற்பூரம் வேற, கைக்குழந்தைங்க இருக்கற வீட்டுல ஆபத்துங்கறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சரி, நீ ஒண்ணு பண்ணு. இனிமே எனக்கு வர்றத உனக்கு அனுப்பறேன், நீ பாத்து சொல்லு, அப்புறம் நான் போடறேன்."

அதுக்கப்புறம் சித்தப்பாதான் எங்க குரூப்புல பெரிய செக்கிங் ஆபீசர். நான் கேட்ட நாலு கேள்வியையும் அவர் மத்தவங்கள கேக்கறாரு, என்னைவிட கறாரா. ஃபார்வர்ட் பண்றவங்கள்ல முக்காவாசி பேர் அக்கறையில பண்றாங்க, கையில வேற ஒண்ணும் இல்லாததால பண்றாங்க. அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க.

கபசுரக் குடிநீர், நிலவேம்பு இதெல்லாம் வெச்சு சண்டையே போடாதீங்க, அரசே குடுத்தது, ஜனங்க குடிப்பாங்க. நான் ஒரே ஒரு வரி மட்டும் சேத்துருவேன்: "குடிங்க, ஆனா ஆக்சிஜன் 94க்கு கீழ போனா கஷாயத்தோட நிக்காதீங்க."

ஸ்டெப் 5: உதவி கேக்கற மெசேஜ் எழுதறது

மோசமான மெசேஜ் இப்படி இருக்கும்: "அர்ஜென்ட்!!! என் ஃப்ரெண்டோட அப்பாவுக்கு பெட் வேணும், பிளீஸ் ஷேர் மேக்ஸிமம்". எந்த ஊரு, என்ன நிலைமை, யாரக் கூப்பிடணும், ஒண்ணும் இல்ல. மறுநாள் அவருக்கு பெட் கிடைச்சாலும் இது பத்து நாள் சுத்தும்.

உருப்படியா எழுதினா இப்படி:

"மே 14, மாலை 6:10. ஆக்சிஜன் பெட் தேவை. ஆண், 58 வயது, சுகர் உண்டு. ஆக்சிஜன் 89, காய்ச்சல் 6ஆவது நாள், டெஸ்ட் பாசிட்டிவ். இப்போ இருக்கற இடம் குரோம்பேட்டை. 104ல பதிஞ்சாச்சு. தாம்பரத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் எங்க இருந்தாலும் வருவோம். கூட இருக்கறது மகன், நம்பர் இது. கிடைச்சதும் இதே மெசேஜுக்குக் கீழ சொல்றோம்."

முதல் வார்த்தையே தேதி, நேரம், கவனிச்சீங்கல்ல? ஆக்சிஜன் எவ்வளவுன்னு போடறதுக்கு முன்னாடி ஆள அஞ்சு நிமிஷம் அசையாம உக்கார வெச்சு, விரல் சில்லுன்னு இருந்தா தேச்சு சூடு பண்ணி, நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சுட்டு, விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர வெச்சு பாருங்க, எங்க பக்கத்து வீட்டக்கா 84ன்னு அலறி ஆம்புலன்ஸே வந்துருச்சு, பாத்தா சிவப்பு பாலிஷ். ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட்டோட ஃபோட்டோ, வீட்டு முழு விலாசம் இதெல்லாம் குரூப்ல போட வேண்டாம், கேக்கறவங்களுக்கு தனியா அனுப்புங்க. முக்கியமா, முதல்ல 108, 104, அப்புறம்தான் போஸ்ட். போஸ்ட் போட்டுட்டு லைக் எண்ணிக்கிட்டு ஒரு மணி நேரத்த விட்டவங்கள பாத்திருக்கேன்.

"இப்படி போஸ்ட் போட்டா போலீஸ் பிடிக்கும்"னு ஒரு பயம் அப்போ சுத்துச்சு. 2021 ஏப்ரல் 30 சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, ஆக்சிஜன், பெட்டுன்னு ஆன்லைன்ல உதவி கேக்கற ஜனங்க மேல நடவடிக்கை எடுத்தா கோர்ட் அவமதிப்பா எடுத்துக்குவோம்னு. கேக்கறது தப்பே இல்ல. ஆனா பேரிடர் நேரத்துல பொய்யின்னு தெரிஞ்சே பீதி கிளப்பினா 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்துல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, அதையும் தெரிஞ்சு வைங்க.

ஸ்டெப் 6: உதவி பண்றவங்களுக்கு, இதுதான் பெரிய வேலை

2021 மே மாசத்துல நாங்க அஞ்சு பேரு, ஒரு கூகுள் ஷீட். காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேரு, ஒரு ஆட்டோக்காரர், ஒரு ரிடையர்டு தமிழ் டீச்சரம்மா, நான். முதல் ரெண்டு நாள் அஞ்சு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு போன் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம், டீச்சரம்மாதான் கண்டுபிடிச்சாங்க. "ஏம்ப்பா, ஒரே நர்ஸ நாம அஞ்சு பேரும் கூப்பிட்டா அந்தப் பொண்ணு ஊசி போடுமா, நமக்கு பதில் சொல்லுமா?" அன்னிக்கு போட்ட விதி, ஒரு இடத்துக்கு ஒரு ஆள், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எல்லாருக்காகவும் சேத்து. ஆஸ்பத்திரி நம்பர குரூப்ல போடவே கூடாது, நாங்க கேட்டு சொல்லுவோம்.

ஷீட்ல பெட் இருக்கற இடங்களுக்கு ஏழு கட்டம் போதும்: இடம், என்ன இருக்கு, எத்தனை, யார்கிட்ட பேசினோம், பேசின நேரம், பேசினது யாரு, நிலைமை. இதுல "பேசின நேரம்" காலியா இருந்தா அந்த வரியே செல்லாது. மூணு மணி நேரத்துக்கு மேல ஆனா மஞ்சள் கலர், ஆறு தாண்டுனா வரிய அழிச்சுடுவோம், பாவமா இருந்தாலும் அழிப்போம். "வெரிஃபைட்"ங்கற வார்த்தையவே தடை பண்ணிட்டோம். அதுக்கு பதிலா "மதியம் 2:20க்கு நானே பேசினேன்". வெரிஃபைட்னு யாரு வேணாலும் எழுதலாம், 2:20னு எழுதறதுக்கு 2:20க்கு போன் பண்ணியிருக்கணும்.

போன்ல என்ன கேக்கணும்? "பெட் இருக்கா"ன்னு கேட்டா இருக்குன்னுதான் வரும். "ஆக்சிஜன் லைன் உள்ள பெட் இப்போ காலியா இருக்கா, இப்பவே கிளம்பினா ஒரு மணி நேரத்துல உள்ள எடுப்பீங்களா, டெஸ்ட் ரிசல்ட் இல்லன்னா சேப்பீங்களா, அட்வான்ஸ் எவ்வளவு?" இந்த நாலும் ஒரே மூச்சுல. எடுக்கறவங்க எரிஞ்சு விழுந்தா விழட்டும், தேங்க்ஸ் சொல்லி வெச்சுருங்க, அவங்க தூங்கி எத்தனை நாள் ஆச்சோ.

ஆளுங்கள ஒரு இடத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அங்க எவ்வளவு கூட்டம் சேரும்னும் யோசிக்கணும். கொரோனாவுக்கு டாக்டருங்க எழுதிக் குடுத்த ரெம்டெசிவிர் ஊசி மருந்த நினைச்சுப் பாருங்க. கீழ்ப்பாக்கம் மெடிக்கல் காலேஜ்ல கவுண்டர் திறந்தாங்க, எல்லா குரூப்லயும் அந்த விலாசம் ஓடுச்சு, மதுரை, சேலத்துலேர்ந்தெல்லாம் வந்து ரோட்டுலயே படுத்தாங்க, கூட்டம் தாங்காம மே நடுவுல நேரு ஸ்டேடியத்துக்கு மாத்தினாங்க, அங்கயும் அதே நெரிசல், ரெண்டு மூணு நாள்ல அதை நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரிங்களுக்கே குடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த மருந்த கொரோனாவுக்குப் பரிந்துரைக்கலைன்னு உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர்லயே சொல்லியிருந்துச்சு, ஆனா டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்துட்டா மகன் வாங்காம எப்படி வீட்டுக்குப் போவான்? நாங்களும் அந்த விலாசத்த பரப்பினோம். நிறுத்தின மறுநாளும் எங்க பழைய மெசேஜ பாத்துட்டு ஒருத்தர் விழுப்புரத்துலேர்ந்து வாடகை கார் எடுத்து வந்து எங்களுக்கே போன் பண்ணாரு, "சார், இங்க யாருமே இல்லையே சார்"னு. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு.

ஒரு கேஸ் முடிஞ்சா முடிஞ்சதுன்னு போடுங்க. கிடைச்சாலும் முடிஞ்சது, ஆள் போயிட்டாலும் முடிஞ்சதுதான். போன மெசேஜுக்கு கீழயே ரிப்ளையா போடணும், 15 நிமிஷத்துக்கு மேல ஆனா எடிட் பண்ண முடியாது. ட்விட்டர்ல போட்டதுன்னா அந்த போஸ்டையே எடுத்துருங்க.

இன்னொண்ணு, பொண்ணுங்க சொந்த நம்பர வெளிய போடாதீங்க. எங்க டீம்ல ஒரு பொண்ணோட நம்பர் ஆக்சிஜன் லிஸ்ட்ல சேந்து சுத்தி, ராத்திரி ஒரு மணிக்கு "என்ன பண்ற"ன்னு கேக்கற போனெல்லாம் வந்துச்சு. அவ சிம்மையே மாத்தினா. தனி சிம் ஒண்ணு வாங்கி டீமுக்கு பொதுவா வெச்சுக்கங்க, மாத்தி மாத்தி எடுங்க.

ஸ்டெப் 7: காசு

சுருக்கமா சொல்றேன். சிலிண்டர், காத்துலேர்ந்து ஆக்சிஜன் பிரிக்கற கான்சென்ட்ரேட்டர் மெஷின், மருந்து எதுக்கும் பொருள் கண்ணுல படாம ஜிபே பண்ணாதீங்க. "பாதி இப்போ, பாதி டெலிவரில"ன்னு சொல்றவன் அந்தப் பாதியோட போயிருவான். வீடியோ கால்ல பொருளையும் அன்னிக்கு பேப்பரையும் சேத்துக் காட்டச் சொல்லுங்க, நல்லவன் காட்டுவான், திருடன் கோவப்படுவான். ஏமாந்துட்டா வெக்கப்படாம உடனே 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னாதான் போய் சேர்ற கணக்குல காச நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. போன் கேமரால விரல வெச்சா ஆக்சிஜன் காட்டும்னு ஆப் வந்துச்சுன்னா தொடாதீங்க, அப்படி வந்ததுல திருட்டு ஆப்பும் இருந்துச்சு.

ஸ்டெப் 8: யாருக்கு வந்துருக்குன்னு சொல்லாதீங்க

2020ல சென்னையில வீட்டு வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்க, சில இடத்துல தகரம் அடிச்சாங்க. அதை ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டது யாரு? கார்ப்பரேஷன் இல்ல, எதிர் வீட்டுக்காரர். அந்த வீட்டுப் பையனுக்கு ரெண்டு மாசம் கழிச்சும் யாரும் கிரிக்கெட் பேட் குடுக்கலை. "பி பிளாக்ல ஒரு கேஸ், அந்த லிஃப்ட தொட்டா கை கழுவிக்கங்க" இவ்வளவு போதும். பிளாட் நம்பர் கேட்டு நச்சரிப்பாங்க, சொல்லாதீங்க. அதுக்கு பதிலா அந்த வீட்டுக்கு பால் பாக்கெட் யாரு வெச்சுட்டு வர்றீங்கன்னு கேளுங்க, கேள்வி கேட்ட பாதி பேர் சைலண்ட் ஆயிருவாங்க, ஒருத்தர் கைய தூக்குவாரு.

ஸ்டெப் 9: சாவுச் சேதி

வீட்டுல இருந்து வார்த்தை வர்ற வரைக்கும் போடாதீங்க. பாடகர் எஸ்பிபி 2020 ஆகஸ்ட் 5 ஆஸ்பத்திரில சேந்ததுலேர்ந்து செப்டம்பர் 25 போற வரைக்கும் எத்தனை வதந்தி, அவர் மகன் எத்தனை தடவை வீடியோவுல வந்து அப்பா நிலைமைய சொல்ல வேண்டியிருந்துச்சு, ஆகஸ்ட்ல நெகட்டிவ் ஆயிட்டாருன்னு வந்த நல்ல சேதியக்கூட அவரே வந்து இல்லைன்னு சொன்னாரு. நல்ல சேதிதானேன்னு முந்திக்கிட்டுப் போட்டாலும் சுமை வீட்டுக்காரங்களுக்குத்தான்.

"எப்படி ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி? ஊசி போட்டிருந்தாரா?"ன்னு கீழ கேக்கறவங்கள அட்மின் தனியா கூப்பிட்டு நிறுத்தணும். இரங்கல் மெசேஜ் ஒண்ணு அட்மின் எல்லாருக்காகவும் போட்டுட்டு, அந்த வீட்டுக்கு ரெண்டு பேர் மட்டும் போன் பண்ணுவாங்கன்னு முடிவு பண்ணிக்கங்க, ஒருத்தர் இன்னிக்கு, ஒருத்தர் பத்து நாள் கழிச்சு. பத்தாம் நாள் போன்தான் பேசற போன், முதல் நாள் போன் எல்லாம் அழுகைதான்.

உங்களுக்கும் சேத்துத்தான், ராத்திரி பத்து மணிக்கு மேல முறை போட்டு பாருங்க, முறை இல்லாதவங்க நோட்டிஃபிகேஷன அணைச்சுட்டு தூங்குங்க. நான் தூங்காம பாத்த ஒரு வாரத்துல ஒரு நம்பர தப்பா டைப் பண்ணி யாரோ ஒரு தையல்காரருக்கு நாப்பது போன் போச்சு.

ஸ்டெப் 10: முடிஞ்சதும் கடைய மூடுங்க

கேஸ் குறைஞ்சதும் எல்லாரும் மறந்துட்டுப் போயிருவோம், ஷீட் அங்கயே திறந்து கிடக்கும், அதுல உதவி கேட்ட முந்நூறு பேரோட பேர், வயசு, சுகர் இருக்கா இல்லையா, மகன் நம்பர் எல்லாம். எங்களுது பதினோரு மாசம் அப்படியே கிடந்துச்சு, லிங்க் இருக்கற யாரு வேணாலும் பாக்கற மாதிரி. 2022 ஏப்ரல்ல டீச்சரம்மாதான் ஞாபகப்படுத்துனாங்க. முதல்ல ஷேரிங்க நிறுத்துங்க, அப்புறம் ஆஸ்பத்திரி நம்பர மட்டும் தனியா எழுதிக்கிட்டு மிச்சத்த அழிங்க, டிராஷ்லேர்ந்தும் அழிங்க, அவசர குரூப்புல "இந்த குரூப் இன்னியோட மூடுது, இதுல வந்த எந்த நம்பரும் இனிமே செல்லாது"ன்னு தேதியோட ஒரு மெசேஜ் போட்டுட்டு ஆளுங்கள எடுத்துருங்க.

டீச்சரம்மா அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாங்க, மூக்குக் கண்ணாடிய கழட்டி கழட்டி தொடைச்சுக்கிட்டு. 212ஆவது வரியில "நிலைமை" கட்டம் காலியா இருந்துச்சு. போன் அடிச்சுப் பாத்தாங்க. ஒரு பொண்ணு எடுத்துச்சு, அப்பா கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லுச்சு. டீச்சரம்மா அந்தக் கட்டத்துல தேதி, நேரம் போட்டு "முடிஞ்சது"ன்னு டைப் பண்ணிட்டு, ஷீட்ட அழிச்சாங்க.